பம்மல் சம்பந்த முதலியார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடகம் போட ஆசைப்படும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பழைய நாடகங்களை வாய்விட்டுப் படிப்பது எங்கள் வழக்கம். பம்மல் சம்பந்த முதலியாரின் பிரதியைக் கையில் எடுத்த நாளெல்லாம் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், வில்லங்கமானவை பிறகு.

இவர் யாருங்க? ஒரு நாலு வரியில சொல்லுங்களேன்.

1873 பிப்ரவரி 1 அன்று சென்னையில் பிறந்தார். 1964 செப்டம்பர் 24 அன்று காலமானார். வக்கீலாகத் தொழில் நடத்தியவர். பிறகு சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் (சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் கோர்ட்) நீதிபதியாக இருந்தார். 90-க்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார், அவற்றில் பலவற்றுக்கு ஒத்திகை நடத்தி, முக்கிய வேடத்தில் தாமே நடித்தார். 1916-ல் ராவ் பகதூர் பட்டம், 1959-ல் பத்மபூஷண் விருது. 'தமிழ் நாடகத் தந்தை' என்று இவரைச் சொல்கிறார்கள்.

பம்மல்தான் அவர் சொந்த ஊரா? கமல் படத்துக்கும் இவருக்கும் ஏதாவது தொடர்பு?

பல்லாவரம் பக்கத்தில் இருக்கும் பம்மல் அவர்கள் குடும்பத்தின் பூர்வீக ஊர். அவர் பிறந்து வளர்ந்து படித்ததெல்லாம் சென்னைப் பட்டணத்தில். தந்தை விஜயரங்க முதலியார் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்தவர், தமிழ்ப் புத்தகங்கள் பதிப்பித்தவர். அதனால் வீடு நிறையப் புத்தகம். தாயார் மாணிக்கவேலு அம்மாள்.

2002-ல் வந்த 'பம்மல் கே.சம்பந்தம்' வேறு கதை. பெயரின் ஓசை மட்டும்தான் ஒற்றுமை.

வக்கீல் ஒருத்தர் எப்படி நாடகத்துக்கு வந்தார்? சின்ன வயசிலேயே ஆசையா?

ஆசையே இல்லை. இளம் வயதில் தமிழ் நாடகம் என்றாலே தமக்கு வெறுப்பு என்று அவரே எழுதியிருக்கிறார். அன்றைக்குத் தெருவிலும் கொட்டகையிலும் நடந்த நாடகங்களைப் பார்த்துவிட்டு, இங்கிலீஷ் படித்த ஒரு பையன் இதில் போய் என்ன செய்வது என்ற எண்ணம். பட்டணத்து நடுத்தரக் குடும்பங்களில் அப்போது எல்லோருக்குமே இருந்த எண்ணம்தான் அது. நடிக்கிறவனுக்குக் 'கூத்தாடி' என்று பெயர், அந்தப் பெயரில் மரியாதை கிடையாது.

1891-ல் பல்லாரியிலிருந்து ஒரு தெலுங்கு நாடக சபை சென்னைக்கு வந்தது. அதை நடத்தியவர் தர்மவரம் கிருஷ்ணமாச்சாரியார். அவரும் வக்கீல்தான், தாமே எழுதி தாமே நடித்தவர், தெலுங்கு நாடகத்தில் இன்றும் பெரிய பெயர். படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள், சம்பளம் வாங்காமல் ஆசைக்காக மேடையேறுகிறார்கள் என்பதைச் சம்பந்தம் அங்கேதான் கண்ணால் பார்த்தார். தெலுங்கில் முடிகிறது, தமிழில் ஏன் முடியாது என்று தோன்றிவிட்டது. அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி நண்பர்கள் சிலரோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18.

சுகுண விலாச சபைன்னா டிராமா கம்பெனியா?

கம்பெனி இல்லை, சபை. கம்பெனி என்றால் முதலாளி உண்டு, நடிகர்களுக்குச் சம்பளம் உண்டு, ஊர் ஊராகக் கொட்டகை போட்டு வசூலை நம்பி நடக்கும். சபையில் அங்கத்தினர்கள் சந்தா கட்டுவார்கள், பகலில் கோர்ட்டுக்கோ ஆபீசுக்கோ போய்விட்டு சாயங்காலம் ஒத்திகைக்கு வருவார்கள். இன்று நாம் 'அமெச்சூர் குழு' என்கிறோமே, தமிழில் அதற்கு வழி போட்ட இடங்களில் முக்கியமானது இதுதான். தமிழ் மட்டும் என்று நிற்காமல் தெலுங்கு, சம்ஸ்கிருதம், ஆங்கில நாடகங்களையும் சபை மேடையேற்றியது.

அங்கத்தினர்களின் பெயர்களைப் பார்த்தால் அதன் செல்வாக்கு புரியும். காங்கிரஸ் தலைவர் எஸ்.சத்தியமூர்த்தி இந்தச் சபையில் நடித்தவர். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே.சண்முகம் செட்டியாரும் அப்படியே. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகே, ரிப்பன் கட்டடத்தை ஒட்டிச் செங்கல் நிறத்தில் நிற்கும் விக்டோரியா பப்ளிக் ஹால்தான் நெடுங்காலம் இவர்களின் மேடை. 1936-ல் சபை மவுண்ட் ரோடுக்கு மாறியது. அடுத்த முறை சென்ட்ரலில் இறங்கினால் அந்த ஹாலை ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

அந்தக் காலத்து நாடகம்னா பாட்டுதானே? இவர் அப்படி என்ன மாத்திட்டார்?

பாட்டுதான். ராஜபார்ட் (கதாநாயகன்) ஒரு பாட்டுப் பாடி நுழைவார், ஸ்த்ரீபார்ட் (கதாநாயகி) இன்னொரு பாட்டில் பதில் சொல்வார், நடுவே பபூன் (கோமாளி) வந்து சிரிக்க வைப்பார், பக்கத்தில் ஹார்மோனியம் ஓயாமல் ஒலிக்கும். 'ஒன்ஸ்மோர்' கேட்டால் செத்த பாத்திரம்கூட எழுந்து மறுபடி பாடும். நாடகம் முடியும்போது விடிந்திருக்கும்.

சம்பந்த முதலியார் வசனத்தை நடுவில் கொண்டுவந்து வைத்தார். அங்கம், காட்சி என்று பிரித்து, ஒவ்வொரு காட்சியிலும் யார் எங்கிருந்து வருகிறார், எப்போது போகிறார் என்று எழுதினார். கதை, பேச்சின் வழியாகவே நகர்ந்தது. பாட்டு அறவே போய்விடவில்லை, ஆனால் அதற்காகக் கதை காத்து நிற்கும் நிலை போனது. விடிய விடிய நடந்தது சில மணி நேரத்துக்குள் அடங்கியது. அறிவித்த நேரத்துக்குத் திரை தூக்குவது, ஒத்திகைக்குக் குறித்த நேரத்துக்கு வருவது, வசனத்தை நெட்டுருப் போடுவது ஆகியவற்றில் அவர் கறாராக இருந்தார். இன்றைய குழுக்களுக்கு இவை சாதாரண விஷயங்கள். அன்று இவற்றைப் பழக்கத்துக்குக் கொண்டுவருவதே பாதி வேலையாக இருந்தது.

பெண் வேஷம் யார் போட்டாங்க? சபையில பெண்கள் இருந்தாங்களா?

ஆண்களே போட்டார்கள். குடும்பப் பெண்கள் மேடையேறுவதை நினைத்துப் பார்க்க முடியாத காலம். நடிகைகள் நடித்த தொழில்முறைக் குழுக்கள் உண்டு, பாலாமணி அம்மாள் என்பவர் தாமே கம்பெனி நடத்திப் புகழ்பெற்றவர். ஆனால் சபைகள் அவர்களைத் தள்ளியே வைத்தன.

இங்கே ஒரு பெயரைச் சொல்லாமல் போகக் கூடாது: சி.ரங்கவடிவேலு. சம்பந்த முதலியார் கதாநாயகன் என்றால் கதாநாயகி ரங்கவடிவேலுதான். பல ஆண்டுகள் இந்த ஜோடி சென்னை ரசிகர்களைக் கட்டிப்போட்டது. நாயகி பாத்திரங்கள் பலவற்றை அவரை மனத்தில் வைத்தே ஆசிரியர் எழுதினார். அந்த நாடகங்களைப் படிக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் படும். அழுகைக்கும் சிருங்காரத்துக்கும் வருகிற அலங்காரப் பாத்திரமாக நாயகி நிற்பதில்லை. எதிர்த்துப் பேசுவாள், வாதாடுவாள், நடுவே சட்டென்று மௌனமாவாள். எதிரே நிற்கப்போகிற நடிகரின் திறமை தெரிந்தவர் எழுதிய எழுத்து அது. 1923-ல் ரங்கவடிவேலு இறந்தது சம்பந்த முதலியாருக்குப் பேரிழப்பு. தம் நினைவுக் குறிப்புகளில் இந்த நண்பரைப் பற்றி எழுதும் இடங்களை மட்டும் படித்தாலே போதும், மேடைத் துணை என்றால் என்ன என்று விளங்கிவிடும்.

சங்கரதாஸ் சுவாமிகள் பெரியவரா, இவரா?

ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை வரும் கேள்வி. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தொழில்முறை நாடகத்தின் வாத்தியார். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி' எல்லாம் அவர் தந்தவை. சிறுவர்களை வைத்துப் பாலர் சபை நடத்தி ஒரு தலைமுறை நடிகர்களை உருவாக்கினார். தென் மாவட்டத் திருவிழாக்களில் இன்றும் ஸ்பெஷல் நாடகமாக (தனித்தனி நடிகர்களை ஓர் இரவுக்கு வரவழைத்து நடத்துவது) வள்ளி திருமணம் நடக்கிறது என்றால் அந்த வேர் அவருடையது.

சம்பந்த முதலியாரின் வேர் பட்டணத்தில், படித்தவர் வட்டத்தில். ஒருவர் பாட்டில் பிறந்தவர், மற்றவர் பேச்சில். என் கணக்கில், கிராமத்து மேடை இன்றுவரை உயிரோடு இருப்பதற்கு சுவாமிகளுக்கும், சென்னையின் சபா நாடகம் உருவானதற்கு முதலியாருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். இரண்டு உலகமும் முழுக்கத் தனித்தனியாகவும் இல்லை. சுவாமிகளிடம் பயின்ற நடிகர் டி.கே.சண்முகம் சிறுவனாக இருந்தபோதே, முதலியாரின் 'மனோகரா' நாடகத்தில் மனோகரன் வேடம் போட்டவர்.

ஷேக்ஸ்பியரை மொழிபெயர்த்தவர்னு இவரைச் சொல்லலாமா?

தழுவியவர் என்று சொல்வதே சரி. அவரே தம் நாடகங்களை அப்படித்தான் குறிப்பிட்டார். பெயர்களை வரிசையாகப் பாருங்கள்: ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனது, மாக்பெத் 'மகபதி', சிம்பலின் 'சிம்ஹளநாதன்', வெனிஸ் வணிகன் 'வாணீபுர வணிகன்'. மூலப் பெயரின் ஓசை காதில் விழ வேண்டும், ஆனால் மேடையில் நம் ஊர் ராஜாவாக நிற்க வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் முடித்திருக்கிறார். ஹாம்லெட்டின் ஒஃபீலியா இங்கே அபலை.

பெயரை மாற்றினால் தழுவல் ஆகிவிடாது என்பது அவருக்குத் தெரியும். ராஜ்யத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார், செய்யுள் நடையைத் தமிழ் வசனமாக்கினார், உறவுமுறையையும் அரண்மனை மரியாதையையும் நம் வழக்கப்படி அமைத்தார். அதே சமயம் கதையின் எலும்புக்கூட்டில் கை வைக்கவில்லை. அங்கமும் காட்சியும் பெரும்பாலும் மூலத்தின் போக்கிலேயே வரும். ஹாம்லெட்டின் தனிமொழிகளை வெட்டியிருந்தால் நடிக்கச் சுலபமாக இருந்திருக்கும், ரசிகர்களும் தவறாக நினைத்திருக்க மாட்டார்கள். அவர் வெட்டவில்லை. ஒரு மனிதன் மேடையில் தனியாக நின்று தனக்குள்ளேயே வாதாடுவதை, பாட்டுக் கேட்கப் பழகிய சபையை உட்கார வைத்துக் கேட்கச் செய்தார். அமலாதித்யனாக நடித்ததும் அவரே.

ஆனா ஹாம்லெட் கதை நம்ம ஊருக்கு ஒட்டுமா? அம்மா மறுமணம், தற்கொலைப் பேச்சு எல்லாம் இருக்கே?

நல்ல கேள்வி. இதைக் கேட்கிறவர் நாடகத்தை ஒழுங்காகப் படித்தவராகத்தான் இருப்பார். விதவை மறுமணம் என்ற பேச்சை எடுத்தாலே குடும்பங்களில் கலகம் வந்த காலத்தில், கணவன் இறந்த சூட்டோடு ராணி மைத்துனனை மணக்கிறாள் என்ற கதையை மயிலாப்பூர் வக்கீல்களும் அவர்கள் வீட்டாரும் உட்கார்ந்திருக்கும் ஹாலில் போடுவது சாதாரணம் இல்லை. மூலத்தில் இருப்பதைவிட இங்கே அந்த அதிர்ச்சி அதிகம். இங்கிலாந்தில் அது அவசரக் கல்யாணம், இங்கே நடக்கவே கூடாத கல்யாணம். மகனின் கொதிப்புக்கு இங்கே தனியாக விளக்கமே வேண்டியதில்லை, பார்க்கிறவர் ஏற்கனவே அவன் பக்கம் நிற்கிறார்.

தழுவலில் இப்படி நடப்பது உண்டு. ஒரு கதை ஊர் மாறும்போது சில இடங்கள் மங்கும், சில இடங்கள் மூலத்தைவிடப் பிரகாசமாகும். அமலாதித்யனில் ஆவி வரும் காட்சியும் அப்படித்தான். தகப்பன் ஆவியாக அலைகிறான், மகன் செய்ய வேண்டிய கடமை பாக்கியிருக்கிறது என்றால் நம் ஊரில் யாருக்கும் புரியாமல் போகாது. மங்கிய இடங்கள் என்றால் சொல் விளையாட்டுகள். ஹாம்லெட் பேசும் குத்தல் பேச்சில் பாதி ஆங்கிலச் சொற்களின் இரட்டை அர்த்தத்தில் நிற்பது, வசனத்தில் அந்தக் கூர்மை குறைந்துவிடுகிறது.

ஷேக்ஸ்பியர் மட்டும்தானா? வேற எங்கிருந்தெல்லாம் எடுத்திருக்கார்?

சம்ஸ்கிருதத்திலிருந்து காளிதாசனின் 'மாளவிகாக்னிமித்திரம்', 'விக்ரமோர்வசீயம்', ஹர்ஷனின் 'ரத்னாவளி'. பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் ஒரு நகைச்சுவை 'காளப்பன் கள்ளத்தனம்' ஆனது. புராணக் கதைகளும் உண்டு. எனக்குப் பிடித்தது மோலியேர்தான். எசமானர்களை ஏமாற்றும் வேலைக்காரன் கதை எந்த ஊருக்கும் பொருந்தும், அதில் அவர் வசனம் இறுக்கம் விட்டு ஓடுகிறது.

அப்போ சொந்தமா எழுதினதே இல்லையா?

நிறைய உண்டு. தழுவல்களால் பெயர் வந்தது என்று பலர் நினைப்பதால் இந்தக் கேள்வி வருகிறது. உண்மையில் சொந்த நாடகங்கள்தான் முதலில் வந்தன. 1893-ல் 'புஷ்பவல்லி', பிறகு 1895-ல் அக்கா தங்கைக்கு நடுவே மூளும் பொறாமையைச் சொல்லும் 'லீலாவதி–சுலோசனா', அதே ஆண்டில் 'மனோகரா'. 22 வயதுப் பையன் எழுதியது 'மனோகரா' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த 60 ஆண்டுகளுக்கு அது மேடையையும் சினிமாவையும் விடவில்லை.

மனோகரா ஹாம்லெட்டைச் சுட்டு எழுதினதுன்னு சொல்றாங்களே?

இளவரசன் ஒருவன், துன்பப்படும் தாய், வழிதவறிய ராஜா என்று மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித் தோன்றலாம். ஷேக்ஸ்பியரை ஊறிப்போகப் படித்தவர் என்பதால் வாசனை இல்லாமலும் இருக்காது. ஆனால் கதையின் முடிச்சு வேறு. புருஷோத்தமன் என்ற ராஜா, வசந்தசேனை என்ற தாசியின் பிடியில் இருக்கிறான். ராணி பத்மாவதியும் மகன் மனோகரனும் ஒதுக்கப்படுகிறார்கள். ஹாம்லெட்டுக்குத் தன் மனமே தடை. மனோகரனுக்கு மனத்தில் ஒரு தயக்கமும் இல்லை, ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடுவான். அவனைத் தடுப்பது தாயின் சொல். தாய்க்குக் கொடுத்த வாக்கு என்பது நம் கதை மரபில் ஊறிய விஷயம், அதை டென்மார்க்கிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. ஹாம்லெட்டை நிஜமாகத் தழுவியது எது என்று மேலே சொல்லிவிட்டேன், இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மனோகராவுல அந்தச் சங்கிலிக் காட்சியில அப்படி என்னதான் இருக்கு?

மனோகரனைச் சங்கிலியால் கட்டிச் சபைக்கு இழுத்து வருகிறார்கள். ராஜா பேசப் பேச அவமானம் ஏறுகிறது. அறுத்தெறியும் பலம் அவனுக்கு உண்டு, அது சபையில் எல்லோருக்கும் தெரியும், பார்க்கிற நமக்கும் தெரியும். தாய் பொறுத்துக்கொள் என்றதால் நிற்கிறான். கடைசியில் ராணியின் கற்பின் மீதே பழி விழுகிறது. அப்போதுதான் தாய் தன் கட்டளையை விலக்கிக்கொள்கிறாள். சங்கிலி தெறிக்கிறது.

எங்கள் கூட்டத்தில் மனோகரனைப் படிக்கிற பையன்கள் எல்லோரும் முதல் வரியிலேயே குரலை உயர்த்திவிடுவார்கள். பாதிக் காட்சியில் தொண்டை கட்டிவிடும், சங்கிலி அறுபடும்போது கொடுக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. அதையே அடக்கிப் படிக்கச் சொன்னால், ராஜாவின் ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் மனோகரன் தாயைப் பார்க்க எழுத்தில் இடம் இருப்பது தெரியவரும். அவன் ராஜாவிடம் பேசுவதாகத் தோன்றும், ஆனால் அனுமதி கேட்டுக்கொண்டே இருப்பது தாயிடம். நடிப்பவர்கள் இந்தக் காட்சிக்கு ஆசைப்படுவதற்குச் சத்தம் போட வாய்ப்பு இருப்பது ஒரு காரணம். நன்றாக நடிப்பவர்கள் ஆசைப்படுவதற்குக் காரணம் சத்தம் போடாமல் நிற்கும் அந்த நேரம். இதை எழுதியவர் தாமே மனோகரனாக நின்று பார்த்தவர் என்பது வரிக்கு வரி தெரிகிறது.

'பொறுத்தது போதும், பொங்கி எழு' இவர் எழுதினதா?

இல்லை. அது 1954-ல் ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த 'மனோகரா' படத்துக்காக மு.கருணாநிதி எழுதிய வசனம். எல்.வி.பிரசாத் இயக்கத்தில் சிவாஜி கணேசன் மனோகரனாகவும் கண்ணாம்பா பத்மாவதியாகவும் நடித்த படம். காட்சியின் கட்டுமானம் சம்பந்த முதலியாருடையது, சொற்கள் கருணாநிதியுடையவை. தாய் கட்டளையை விலக்கும் தருணம் மேடை நாடகத்திலேயே இருந்ததால்தான் அந்த ஒற்றை வரிக்கு அவ்வளவு பலம் கிடைத்தது.

சினிமாவில் அவர் நேரடியா ஈடுபட்டாரா?

ஈடுபட்டார். 1936-ல் வந்த முதல் 'மனோகரா' படத்தில் புருஷோத்தமனாக நடித்தார். இளவரசனாக மேடையில் நின்றவர், வயதான பிறகு அதே கதையில் தகப்பனாக வந்தார். பேசும் படத்தில் பெற்ற அனுபவங்களைப் புத்தகமாகவும் எழுதினார்.

மற்றபடி அவர் நாடகங்களை மற்றவர்கள் படமாக்கினார்கள். 1941-ல் ஏவி.மெய்யப்பச் செட்டியார் எடுத்த 'சபாபதி', அதே ஆண்டில் என்.எஸ்.கிருஷ்ணன் நடித்த 'சந்திரஹரி', 1948-ல் ஏவி.எம்.மின் 'வேதாள உலகம்' ஆகியவை தெரிந்த பெயர்கள்.

சபாபதி படம் பார்த்திருக்கேன். அவ்வளவு சீரியஸான ஆளா அதை எழுதினார்?

அவரேதான். அசட்டு எசமான், அவனைவிட அசட்டு வேலைக்காரன், இரண்டு பேருக்கும் ஒரே பெயர். படத்தில் டி.ஆர்.ராமச்சந்திரன் எசமான், காளி என்.ரத்தினம் வேலைக்காரன். சொன்னதை அப்படியே செய்கிற வேலைக்காரனிடம் எதையும் சொல்லி முடிக்க முடியாது என்பதுதான் முழு நாடகமும். மேடையில் ஒரு சபாபதி போதவில்லை, தொடர்ச்சியாகப் பல பாகங்கள் எழுதினார்.

'சந்திரஹரி'யும் அந்த ரகம். பொய்யே பேசாத அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாகத் திருப்பி, மெய்யே பேசாத ஒரு ராஜாவை நிறுத்தினார். ஊரெல்லாம் அரிச்சந்திரன் நாடகம் பார்த்துக் கண்ணீர் விட்ட காலத்தில் இதை எழுதத் துணிச்சல் வேண்டும். இவருடைய நகைச்சுவை நாடகங்களுக்குப் போதிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். சென்னை சபா நாடகங்களில் பிற்பாடு நாம் பார்த்த வேலைக்காரன் வேடங்களுக்கெல்லாம் அந்தச் சபாபதி மூத்த அண்ணன்.

நீதிபதி ஆன பிறகு நாடகத்தை விட்டுட்டாரா?

1924 முதல் 1928 வரை நீதிபதியாக இருந்தார். அதற்குள் பெரும்பாலான நாடகங்களை எழுதி நடித்து முடித்திருந்தார், ரங்கவடிவேலுவின் மறைவும் (மேலே சொன்னேன்) அதற்கு முந்தைய ஆண்டில்தான். ஓய்வு பெற்ற பிறகு எழுத்து நின்றுவிடவில்லை. சுதேசமித்திரன் பத்திரிகையில் தொடராக 'நாடக மேடை நினைவுகள்' எழுதினார், அது ஆறு பாகங்களாகப் புத்தகமானது. நடிப்புப் பயிற்சி பற்றி எழுதினார், தாம் பார்த்த நாடகக் கலைஞர்களைப் பற்றி எழுதினார். சிவாலயங்கள் பற்றியும் பெரிய நூல் உண்டு, கோயில் கோயிலாகப் பார்த்து எழுதியவர்.

இலங்கையிலும் இவரை குருன்னு சொல்றாங்களே, எப்படி?

சுகுண விலாச சபை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இலங்கைக்குப் போய் நாடகம் போட்டது. அங்கே பார்த்தவர்களில் ஒருவர் கலையரசு க.சொர்ணலிங்கம். சம்பந்த முதலியாரைத் தம் குருவாகக் கொண்டு, கொழும்பில் இலங்கைச் சுபோத விலாச சபை உருவாவதில் முன்னின்று, முதலியாரின் நாடகங்களை அங்கே மேடையேற்றினார். ஈழத் தமிழ் நாடக வரலாற்றைச் சொல்பவர்கள் அவரைத் தொட்டுத்தான் போவார்கள். 1891-ல் பல்லாரிக்காரர்கள் சென்னைக்குச் செய்ததை, சென்னைக்காரர்கள் கொழும்புக்குச் செய்தார்கள்.

குறையே இல்லையா? எல்லாம் புகழ்ச்சியாவே இருக்கே.

உண்டு. முதலாவது மொழி. 'பிராணநாதா', 'க்ஷணம்', 'அந்தோ' என்று வடமொழி கலந்த அரண்மனை நடை இன்றைய வாய்க்குக் கனக்கிறது. சமூக நாடகங்களில் இது குறையும், ராஜா ராணி கதைகளில் தூக்கலாகத் தெரியும்.

இரண்டாவது எனக்கு அதிகம் உறுத்துவது. படித்தவர்கள் நடித்ததால் நாடகத்துக்கு மதிப்பு வந்தது என்று பெருமையாகச் சொல்கிறோம். வயிற்றுப் பிழைப்புக்காக நடித்தவர்களுக்கு அந்த மதிப்பு சேரவில்லை. சந்தா கட்டி நடிப்பவர் கனவான், சம்பளம் வாங்கி நடிப்பவர் கூத்தாடி என்ற கோடு நெடுங்காலம் அழியவில்லை. நடிகைகள் அந்தக் கோட்டுக்கு வெளியேயே நின்றார்கள். சபைகளைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே வேளை, தொழில்முறைக் குழுக்கள் தம் நாடகங்களைப் போட முதலியார் அனுமதி கொடுத்தார், அதற்குக் கட்டணம் கேட்டு வாங்கினார். நாடகாசிரியனுக்கு அவன் எழுத்தின் மேல் உரிமை உண்டு என்பதைத் தமிழ் மேடையில் நிலைநாட்டியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

அப்போ இன்னிக்கு அவர் நாடகத்தைப் போடணும்னா யார்கிட்ட அனுமதி வாங்கணும்?

யாரிடமும் வேண்டாம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை. அவர் 1964-ல் காலமானார், எனவே வாழ்நாளில் வெளியான நாடகங்களுக்கு 2024-ஓடு அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: நீங்கள் போடுவது அவர் பிரதியாக இருக்க வேண்டும். 1954 படத்தின் வசனத்தை எடுத்துப் பேசினால் அது வேறொருவர் எழுத்து (பொங்கி எழு கேள்வியைப் பாருங்கள்), அதற்குத் தனியாக விசாரிக்க வேண்டும்.

எங்க படிக்கக் கிடைக்கும்? எதுல ஆரம்பிக்கலாம்?

தமிழ் விக்கிமூலத்தில் பல நாடகங்கள் இலவசமாக இருக்கின்றன. முதலில் 'சபாபதி' படியுங்கள், மொழி தடுக்காது. அப்புறம் 'மனோகரா'. அதன்பின் 'அமலாதித்யன்', பக்கத்தில் ஹாம்லெட்டின் மூலத்தை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, எங்கே விட்டார், எங்கே சேர்த்தார் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போகலாம். நினைவுக் குறிப்புகளை எந்தப் பாகத்தில் திறந்தாலும் படிக்க முடியும்.

தனியாக மனத்துக்குள் படிக்க வேண்டாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வேடம் பிரித்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்கு நீளமாகத் தெரிகிற வசனங்கள் மூச்சுக்குச் சரியாக இருக்கும். 'அந்தோ'வை உங்கள் வாய்க்கு வருகிறபடி மாற்றிக்கொள்வதில் தப்பில்லை. காட்சிகளின் வரிசையை மட்டும் ஒரு முறை முழுக்க நடித்துப் பார்க்காமல் மாற்ற வேண்டாம்.